பின்னறை ரேடியேற்றர்

லண்டன் மனோர் பார்க்கில் அந்தக் காலத்துத் தமிழ் வீடுகளில், சுடுதண்ணீர் ஓடி அறைக்குச் சூடு தருகிற ரேடியேற்றர் சூடாகவில்லையென்றால் முதலில் கூப்பிடுவது கணேசலிங்கத்தைத்தான். ஆஸ்பத்திரியொன்றின் பொயிலர் அறையில் அவருக்கு வேலை. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு சின்னப் பித்தளைச் சாவி இருக்கும். உள்ளே காற்று அடைத்து நிற்கிற ரேடியேற்றரில் அதைச் செருகித் திருகுவார். உஸ்ஸென்று காற்றுப் போய்த் தண்ணீர் துளிர்த்ததும் துடைத்துவிட்டு, "இனிச் சுடும்" என்பார். ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வாங்கமாட்டார். அப்படிப்பட்ட மனுசன் தன் வீட்டிலேயே விட்ட பிழையை என்னவென்று சொல்ல!

அவருடைய அக்கா அருள்நாயகி 1992 மே மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். கலியாணம் கட்டாதவர், தம்பியை விட்டால் வேறு நாதியில்லை. அக்கா வருகிறார் என்று கணேசலிங்கம் பின்னறைச் சுவருக்குப் புதுக் கடதாசி ஒட்டினார். அதற்காக ரேடியேற்றரைக் கழற்றி, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டினார். வெயில் காலம். சூடாகிறதா என்று பார்க்க யாருக்கு நினைவு வரும்?

குளிர் வந்தது. சேலைக்கு மேல் இரண்டு கார்டிகன், அதற்கு மேல் தம்பியின் பழைய கோட்டு என்று அக்கா நடமாடினார்.

"என்னக்கா, குளிருதோ?"

"லண்டன் எண்டால் குளிருந்தானே. நீ வேலைக்குப் போ."

வந்த இடத்தில் அது வேணும் இது வேணும் என்று வாய் திறக்கிற பிறவியில்லை அவர். தம்பியும் பெண்சாதி சுலோச்சனாவும் படுக்கிற அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கீழே ஹோலில் காஸ் நெருப்பு எரியும், ரேடியேற்றர் சோபாவுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். "கீழ வந்து இருங்கோ மச்சாள்" என்று சுலோச்சனா கூப்பிட்டாலும், பிள்ளைகள் படிக்கட்டும் என்று மேலேயே இருந்துவிடுவார்.

தை மாதம் சளி நெஞ்சில் இறங்கி நியூமோனியாவாகி, அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலாம் நாள், புதன்கிழமை, டொக்டர் சொன்னார்: வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அறை மட்டும் நல்ல சூடாக இருக்கவேண்டும்.

கணேசலிங்கம் நேரே பின்னறைக்குப் போனார். ரேடியேற்றரில் அக்காவின் நீலச் சட்டை காயப்போட்டபடி கிடந்தது. நாலு நாளாகியும் ஈரம் போகவில்லை. ரேடியேற்றரில் கையை வைத்தார். ஐஸ். சாவியைத் திருகினார். காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. குனிந்து கீழ்மூலையில் இருந்த மூடியைக் கழற்றினார். கடதாசி ஒட்டிய அன்று தன் கையால் இறுக்கிய வால்வு, இறுக்கினபடியே இருந்தது. கழற்றும்போது தண்ணீர் ஒழுகாமல் இரண்டு பக்கமும் அடைத்தவர், மாட்டியபின் ஒரு பக்கத்தைத் திறந்து மறுபக்கத்தை மறந்துபோயிருந்தார். இரண்டு திருகுத் திருகினார். பத்து நிமிசத்தில் கை வைக்க ஏலாத சூடு. பாவி, இரண்டு திருகு!

பின்னேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "நான்தான் அக்கா மூடி வைச்சனான். உந்த ஹீற்றர் சுடேல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அக்கா விளங்காமல் பார்த்தார். "அது சுடுறதோ? உடுப்புக் காயப்போடத்தான் நீ கொழுவி வைச்சிருக்கிறாய் எண்டெல்லோ நினைச்சன்." சிரிக்கப்போய் இருமினார். "அதுக்கேன்ரா அழுறாய்? வெள்ளிக்கிழமை வாறன்தானே."

வியாழக்கிழமை மத்தியானம் திரும்பவும் மூச்சு அடைத்தது. அக்கா போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து கணேசலிங்கம் அந்த அறைக் கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. ரேடியேற்றரை ஒருவரும் நிறுத்தியிருக்கவில்லை. நீலச் சட்டை மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. அதை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு, பிள்ளைகள் கேட்கும் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதார்.

பிறகும் வீடு வீடாகப் போனார், அதே சாவியோடு. "அண்ணை, பழுது ஹோலிலையெல்லோ?" என்று வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, முதலில் சின்ன அறைக் கதவைத்தான் தட்டுவார். உள்ளே ஊரிலிருந்து வந்த யாராவது இருந்தால், அவருடைய கையைப் பிடித்து ரேடியேற்றரில் வைப்பார்.

"இது சுடவேணும். சுடாட்டில் சொல்லவேணும், என்ன?"