குணதோஷம் பார்த்த தாமோதரன் சார்

தாமோதரன் சார் போய்விட்டார்.

கரமனையில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பவள் நான். எனக்குச் செய்தி வந்தது பூனாவிலிருந்து... என் பையன் கார்த்திக் போன் பண்ணி!

ரிட்டயர் ஆன நாலு பேர் சேர்ந்து, ஆண் பிள்ளைகளைப் படிக்க வைக்க ஒரு டிரஸ்ட் நடத்தினார்கள். அதில் சார்தான் எல்லாம். அப்பா இல்லாத பையன் என்று யார் சொன்னார்களோ, தானாகவே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மாமி, காலேஜ் பீஸ் டிரஸ்ட் பாத்துக்கும். ஞாயித்துக்கிழமை பையனை என்கிட்ட விட்டா மதி, அது போதும். கொஞ்சம் குணதோஷம் உண்டு."

கேட்காமலே கொடுக்கிற மனுஷரைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

அதிலும் குணதோஷமாம்! நான் கும்பகோணத்திலிருந்து இந்த மலையாள தேசத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், மலையாளம் இன்னும் அரைகுறை. ஒரு பையனின் குணம், தோஷம் எல்லாம் யார் பார்ப்பார்கள்? பெண்ணைப் பெற்றவர்தானே!

ஜாதகம் எப்போது கேட்பார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் என் பிள்ளை சாப்பிட்ட தட்டைத் தானே அலம்ப ஆரம்பித்தான். சட்டைக்கு இஸ்திரி, குக்கர் வைப்பது... வீட்டோடு மாப்பிள்ளைக்கு டிரெய்னிங்கேதான்!

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் மாட்டினார். விடவில்லை.

"சார், உங்களுக்கு எத்தனை பொண்ணு?"

"பொண்ணோ? ரெண்டும் ஆண் மக்களாணு மாமி. எந்தா?"

சரி, தங்கை பெண் யாராவது இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னால் கார்த்திக் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அம்மா! மலையாளத்துல குணதோஷம்னா புத்திமதி!"

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. புத்தி சொல்லப் பெற்றவள் இல்லையா? நான் ஒரு வார்த்தை சொன்னால் கதவைச் சாத்திக்கொள்கிறவன், அங்கே என்னத்தைக் கேட்டுத் தலையாட்டினான்?

"ஒண்ணுமில்லம்மா, சும்மா பேசிண்டிருப்போம்" என்பான். இன்றுவரை அவ்வளவுதான் தெரியும்.

என் கண் ஆபரேஷனுக்கு லீவு கிடைக்காதவன், இன்று மத்தியான பிளைட்டில் வருகிறானாம்.

போனில் அப்படி அழுதான். "இனிமே என்னை யாரும்மா குணதோஷிப்பா?"

நான் ஒருத்தி இருக்கேனேடா... வாய்வரை வந்தது.

சார், என் பிள்ளையை என்னமோ பண்ணித்தான் விட்டீர்கள். அவன் வருவதற்குள் எடுத்துவிடக் கூடாது என்று உங்கள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவனைப் பாத்துட்டுப் போங்கோ...