ஜேர்மனில் பெட்டை என்ன பால்?

இன்று அஜின்கோர்ட் பகுதித் தமிழ்க் கடையொன்றில் கொத்துரொட்டிக்குக் காத்துக்கொண்டு, ஜேர்மன் வகுப்பு வீட்டுப்பாடத்தைப் போனில் செய்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற அங்கிள் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, உது என்ன பாஷை?"

"ஜேர்மன், அங்கிள். விசர்ப் பாஷை. பொடியனை 'அவன்' எண்டு சொல்லுகினம். பெட்டையை மட்டும் 'அது' எண்டுதான் சொல்லவேணுமாம்."

அங்கிள் கடை அதிரச் சிரித்தார். "பொம்பிளைப் பிள்ளையளை மதிக்கத் தெரியாத சனம்! எங்கட தமிழ் அப்பிடியே?"

அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி.

"ஓமப்பா, மகனுக்கு மட்டன் கொத்து சொல்லிட்டன். அவன் வேலையால வந்திட்டானே? மகள் என்ன செய்யுது? அது இன்னும் எழும்பேல்லையோ?"

அங்கிளுக்கு வகுப்பே தேவையில்லை. ஜேர்மன் இலக்கணம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தோழிகளே, உங்கள் வீட்டில் நீங்கள் 'அவளா', 'அதுவா'?