பத்தாம் படத்தின் சத்தம்

செவ்வாய் காலை மண்டைதீவிலிருந்து தொலைபேசி. "அக்கா மோசம் போயிட்டா" என்று மரணச் செய்தி சொன்னார் ரோசலின் அக்காவின் தம்பி. கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர் என்றே உங்களில் பலர் அவரை நினைப்பீர்கள். அவர் என் படங்களுக்குச் சத்தம் கட்டியவர். ஒருநாள் என் கோழைத்தனத்தையும் பொறுத்துக்கொண்டவர்.

போரில் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பத் தொடங்கிய காலம். ஊர்காவற்றுறையில் ஒரு கோயிலுக்குச் சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்கைத் துணியில் வர்ணம் தோய்த்துக் கீறினேன். ஒவ்வொன்றுக்கும் சத்தம் சேர்த்து ஒரு கசெற் செய்யவேண்டுமென்று அக்கா பிடிவாதமாக நின்றார். இயேசு முதன்முறை விழும் படத்துக்கு மேளத்தில் ஓர் அடி போதும் என்றேன்.

"விழுந்தவரின்ர சத்தம் உம்மட படத்திலயே இருக்குது. நிக்காமல் போற சனத்தின்ர காலடிதான் இல்லை" என்றவர், சந்தைக்குப் போகிறவர்களின் நடையைப் பதிந்து வந்தார். படத்தைவிட அது நன்றாக இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இயேசுவின் உடைகளைக் களையும் பத்தாவது படத்துக்கு என்ன செய்தார் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை. கோயிலுக்கு இருவரும் போகும் வழியில், சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய் கசெற்றைப் போடச் சொன்னார். காலடிகள் போயின. பிறகு பைகளின் சிப் இழுபடும் சத்தம், மேசையில் சாமான்கள் கொட்டும் சத்தம், "அரின்ன" என்று சிங்களத்தில் திறக்கச் சொல்லி அதட்டும் குரல். அது அந்தச் சிப்பாயின் குரலேதான். பனையோலைக் கடகத்துக்குள் ரெக்கோடரை ஒளித்து அக்கா அங்கேயே பதிந்திருக்கிறார்! இதைவிடச் சின்ன விசயங்களுக்கு ஆட்கள் காணாமல் போன காலம் அது.

"இது யாருடைய?" என்று சிப்பாய் என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ர தான். இவர் படம் மட்டும்தான் கீறினவர்."

என்னைப் போகச் சொன்னார்கள். போய்விட்டேன். பின்னேரம் கசெற்றும் ரெக்கோடரும் இல்லாமல் அவர் நடந்து வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீர் பயந்தனீர். நானும் பயந்தனான். படங்களைச் சுவரில் கொழுவும், நாளைக்குப் பெரிய வெள்ளி."

மறுநாள் முதல் ஒன்பது படங்களையும் சத்தமின்றியே கடந்தோம். பின்வரிசையில் சீருடையோடு இருவர் நின்றார்கள். பத்தாவது படத்தின் முன் அக்கா தன் கைப்பையின் சிப்பை இழுத்தார். சீப்பு, செபமாலை, அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகச் சீமெந்துத் தரையில் போட்டார். வெறும் பையைத் தலைகீழாக உதறிக் காட்டினார், சாவடியில் நாமெல்லோரும் செய்வதுபோல. யாரும் சொல்லாமலே பெண்கள் தங்கள் பைகளைத் திறந்தார்கள். கோயில் முழுக்க அந்தச் சத்தம்.

பங்குத்தந்தை அவசரமாக என்னிடம் வந்தார். "ஆரின்ர வேலை இது?"

பின்னால் நின்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோசலின் அக்காவும் நானும், சுவாமி" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதில்தான்.