மெக்கானிக் வைத்துவிட்டுப் போனது

மெக்கானிக், வேலையை விட்டுப் போகும்போது, பில்டு மெஷினுக்குள் எதையோ வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. எதை என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே பேச்சு இன்னும் உறுதியாக இருந்தது. "நேரம் பாத்து வெடிக்கிற மாதிரி ஏதோ" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் தவிர வேறெதையும் திறந்து அவருக்குப் பழக்கமில்லை.

மெக்கானிக் என்று பட்டப்பெயர் வாங்கியவர், அதே அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருத்தியின் அக்கா புருஷன். அவள் மென்பொருள் சோதனைப் பிரிவு. அவள் உள்ளே நுழைந்தால் எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

லாரிகளை எடை போடும் மேடைகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவதைச் சேர்த்து ஓடுகிற மென்பொருளாக்கித் தருவது பில்டு மெஷின்; தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில், மேஜைக்கடியில் கிடந்த ஒரு லினக்ஸ் பெட்டி. அதைப் பார்த்துக்கொண்டவர் மெக்கானிக். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: மற்றவர்கள் எழுதிவைத்த தயார் நிரல் தொகுப்பான எந்த லைப்ரரியானாலும், வருவதையெல்லாம் பதிவு செய்துகொள்கிற பேக்கேஜ் மேனேஜர் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். அப்படி வந்தால் என்ன பெயர், எந்தப் பதிப்பு, எப்படி நீக்குவது எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். யாராவது இணையத்திலிருந்து இறக்கிக் கையால் கம்பைல் செய்து, அதாவது தாங்களே ஓடுகிற வடிவத்துக்கு மாற்றி, உள்ளே தள்ளப் பார்த்தால், "வாசல் இருக்கும்போது எதுக்குய்யா ஜன்னல் வழியா ஏர்றீங்க?" என்பார். வீட்டிலும் பெயர் ஒட்டாத டப்பாவைச் சமையலறையில் விடமாட்டார். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க, நாளைக்கு யாருன்னு மறந்துடப் போறீங்க" என்பாள் அக்கா.

இப்படிப்பட்ட ஆளை யாருக்குப் பிடிக்கும்? ஆட்குறைப்பு வந்தபோது, மெஷின்தான் நன்றாக ஓடுகிறதே, அதற்கெதற்கு ஒரு ஆள் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். நன்றாக ஓடவைத்ததற்குக் கிடைத்த மரியாதை. அவர் போன கொஞ்ச நாளில் பில்டு, அந்தச் சேர்க்கும் வேலை, படுத்துவிட்டது. வதந்தி எழுந்து உட்கார்ந்தது.

அது வெறும் வதந்தியாகவே இருந்திருந்தால் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். ஆனால் மெக்கானிக்குக்குக் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டிருந்த ஒரு வேலைக்காக, அந்தக் கம்பெனிக்காரர்கள் இங்கே மேலாளரிடம் போனில் விசாரித்தார்கள். "தொழில் நல்லாத் தெரியும்... ஆனா..." என்று இழுத்து, மேலாளர் ஒரு பெருமூச்சு விட்டாராம். பெருமூச்சின் மேல் வழக்குப் போட முடியாது. வேலை கை நழுவியது. இப்போது இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. அவர்களும் போன் செய்வார்கள். அதற்குள் மெஷினில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட அவள் கிளம்பினாள்.

"மாமா, எங்க பாக்கறது?" என்று அக்கா வீட்டில் அவரிடமே கேட்டாள்.

"என்னைக் கேக்காதம்மா. நான் சொல்லிச் சரியாச்சுன்னா, வச்சவனுக்குத்தானே எடுக்கத் தெரியும்பாங்க."

"சொல்லலைன்னா?"

"திமிருன்னுவாங்க. அது பரவாயில்ல, பழகிடுச்சு."

சாப்பாட்டு இடைவேளையில் அவள் மேஜைக்கடியில் குனிந்தாள். கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரியில் ஒரு ஃபங்ஷனை, ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் துண்டை, காணவில்லை என்று பில்டு அழுதுகொண்டிருந்தது. அந்த லைப்ரரியை மற்றவர்கள் அழித்து அழித்துப் புதிதாக நிறுவியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அது சரியாகவே இருந்தது. பில்டு ஒவ்வொரு முறையும் விழுந்தது. மெஷின் உண்மையில் எந்தக் கோப்பை எடுக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டாள். கையால் நிறுவியவை போய்த் தங்குகிற 'லோக்கல்' என்ற ஃபோல்டரிலிருந்து எடுக்கிறேன் என்றது. மெஷின் முதலில் தேடுவதே அங்கேதான். அதே பெயரில், அந்த ஃபங்ஷன் இல்லாத பழைய பதிப்பு ஒன்று அங்கே சட்டமாக உட்கார்ந்திருந்தது. இது யாருடையது என்று பேக்கேஜ் மேனேஜரைக் கேட்டால், எனக்குத் தெரியாது என்று கை விரித்தது.

தேதியைப் பார்த்தாள். மாமா வெளியே போனதற்குப் பிறகு வந்தது. கையால் கம்பைல் செய்த லைப்ரரி, தான் பிறந்த இடத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். துழாவினாள். மேலாளரின் சொந்த ஃபோல்டர். அதற்குள் 'டெமோ அவசரம்'.

மேலாளர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "அட, இதுவா! ஒரு பார்ட்டிக்குக் காட்டணும்னு நான்தாம்மா போட்டேன். சுத்தமா மறந்தே போச்சு. தூக்கிப் போடு."

"மாமா வச்சுட்டுப் போனார்னு சொன்னாங்களே சார்."

"யாரு சொன்னா? நான் சொல்லலையே!"

"அடுத்த கம்பெனில இருந்து போன் வரும் சார்."

"கவலையே படாத. நல்லபடியாச் சொல்றேன்."

அவள் அதை நீக்கினாள், பில்டு எழுந்தது. 'சூழல் சார்ந்த ஒரு சிறு சிக்கல் குழுவின் முயற்சியால் தீர்ந்தது' என்று மேலாளர் எல்லாருக்கும் மெயில் அனுப்பினார். குழு கைதட்டியது. மாலைக்குள் வதந்தியும் புதுப் பதிப்புக்கு மாறிவிட்டது: மாமன் வைத்தான், கொழுந்தியா எடுத்துவிட்டாள்.

போன் வந்தது. மேலாளர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். "ரொம்ப நல்ல மனுஷன். அந்த மெஷின் விஷயத்துல அவர் மேல தப்பே இல்லைன்னு இப்ப தெரிஞ்சு போச்சு" என்று வாய் நிறையச் சொன்னாராம்.

"எந்த மெஷின் விஷயம்?" என்று கேட்டதாம் எதிர்முனை.

அந்த வேலையும் கிடைக்கவில்லை.

மேலாளருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. "நானே அவருக்குப் போன் பண்ணி, நான்தான் போட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன்மா" என்று நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு லிப்ட் வாசலில் எதிர்ப்பட்டபோது கேட்டாள்: "மாமாகிட்ட பேசிட்டீங்களா சார்?"

"பண்ணணும்மா. அவருக்கு எந்த நேரம் சௌகரியப்படுமோன்னு யோசிச்சேன்."

"அவர் பகல் பூரா வீட்லதான் சார் இருக்கார்."

"அப்ப நல்லதாப் போச்சு, எப்ப வேணா பேசலாம்" என்று சொல்லிவிட்டு மேலாளர் லிப்டுக்குள் போனார்.

இன்னும் பேசவில்லை.