அப்பா வாங்கி வந்த டிக்கெட்

தீவில் இருந்த எங்கள் ஊரான பாம்பூஃப்ளாட்டில், கடல் கடந்து மெயின்லேண்டுக்குப் போக வேண்டிய தமிழர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சென்னைக் கப்பலுக்கு என்றைக்கு டிக்கெட் கொடுப்பார்கள், படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதிர்க்கரையில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவரும் அவருக்குப் பழக்கம். வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "மொத படகுலயே போய் வரிசையில நில்லுங்க" என்று எச்சரித்து அனுப்புவார். அப்பா நினைத்தால்தான் கப்பலில் இடம் என்று வகுப்பில் நான் பீற்றிக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ராமநாதபுரத்தில் அம்மாவின் அப்பா படுத்த படுக்கையானார். மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று மாமா ஃபோனில் சொன்னார். விமானமெல்லாம் அப்போது எங்களுக்கு எட்டாக்கனி.

"நீங்களும் மொத படகுல போயிருங்களேன்" என்றாள் அம்மா.

"டென்ஷன் மத் லோ" என்று இந்தியில் அவளைத் தேற்றினார் அப்பா. "ஜஹாஜ் நம்மள விட்டுட்டுப் போயிருமா? எந்தக் கப்பல்லயும் நமக்கு எடம் உண்டு."

டிக்கெட் கொடுத்த அன்று அக்கம்பக்கத்தார் விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். அப்பா நிதானமாகச் சவரம் செய்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைப் படகில் போனார். மத்தியானம் வெறுங்கையோடு திரும்பினார். பழக்கமான ஆள் விடுப்பில் இருந்தாராம். அப்பா மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த படிவங்களுக்கெல்லாம் இடம் கிடைத்திருந்தது. அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முதல் கப்பல் சென்னை போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்துத் தாத்தா இறந்துபோனார். அதில் போயிருந்தால் அம்மா அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். மாமா ஃபோனைத் தாத்தாவின் பக்கத்தில் வைத்தார். அங்கே அழுகிறவர்களின் சத்தத்தை அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இணைப்பு அறுந்த பிறகும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பா எங்கள் மூவருக்கும் டிக்கெட் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

"பாத்தியா, ஒரே ஃபோன்தான். வரிசையிலகூட நிக்கல." அவர் குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது.

அம்மா அதைத் தொடவில்லை. "இனிமே யாரப் பாக்கப் போறதுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அம்மாமீது கோபமான கோபம். இவ்வளவு சுலபமாக வாங்கி வந்தவரை ஒரு வார்த்தை மெச்சினால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு என்றிருந்தது. அப்பாவின் பக்கம் நின்று, அன்று முழுக்க அவளிடம் நான் பேசவே இல்லை.