பெயர் சொன்னால் தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதானபோது காதுகளுக்கு முன்னால் கன்னம் வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்றார்கள். பிறகு கண்கள் சிவந்தன, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாகத் தானே ஒழுகியது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். வலது பாதி சிரித்தது. இடது பாதி அதை வேடிக்கை பார்த்தது.

மத்தியானத்தில் நான் தூங்கினால் இடது கண் மூடாது. பக்கத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அம்மா, அந்தக் கண்ணில் படாத இடத்துக்கு முறத்தோடு நகர்ந்து உட்கார்ந்தாளாம்.

அதன்பின் தாகம் வந்தது. விடியலில் நிரப்பிய பானை மதியத்துக்குள் காலி. குடித்ததெல்லாம் சிறுநீராகப் போனது. கடத்தூர் வைத்தியர் அதைத் தரையில் ஊற்றச் சொல்லிக் காத்திருந்தார். எறும்பு வரவில்லை. சர்க்கரை நோய் இல்லை, இது தன் கையில் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊரில் அடுத்தபடி பூசாரி. குடிப்பது நான் இல்லை என்றார் அவர். உள்ளே இருப்பது பெயரைச் சொல்லும்வரை சொட்டுத் தண்ணீர் கூடாது. அப்பா பானையை அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்தார். உதடு ஒரு பக்கம் மரத்திருந்ததால் என் பேச்சு குழறியது. "நான்தான்" என்று சொல்லச் சொல்ல, அது என் குரல் இல்லை என்றே எல்லாருக்கும் உறுதியானது.

மறுநாள் உச்சிவேளையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூசாரி ஒரு சொம்பைக் கண்ணெதிரே வைத்தார்.

"பேரச் சொல்லு. சொன்னாத் தண்ணி."

முந்தைய கோடையில் வாந்திபேதியில் செத்துப்போன பக்கத்துத் தெருப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். அப்போது நினைவுக்கு வந்தது அந்தப் பெயர்தான். சொம்பு கைக்கு வந்தது. என் முடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள்.

தாகம் போகவில்லை. வேளைக்கு ஒரு சொம்புக்கு மேல் தரக்கூடாது என்று பூசாரி உத்தரவிட்டார். அடுத்த நாள், செத்தவளின் தாய் இடுப்பில் குடத்தோடு எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அப்பா தடுத்தார்.

"எம் பொண்ணுக்கு நான் ஊத்தறேன். எவன் கேக்கறது?"

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. தினமும் வந்தாள். நான் குடிக்கக் குடிக்க, இடது கடைவாயில் வழிவதை முந்தானையால் துடைத்தாள். மகளின் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டாள். சில நாட்களில் நானும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நடந்தது இது. பல வருடம் கழித்து, நான் பத்திரிகையில் பிழைதிருத்திக்கொண்டிருந்த காலத்தில், என் நுரையீரல் படத்தையும் கண்ணிலிருந்த தழும்புகளையும் பார்த்த டாக்டர், உறுப்புகளுக்குள் பொடிக்கட்டிகள் கிளம்பும் சார்காய்டோசிஸ் என்றார். குழந்தைகளுக்கு அபூர்வம், நரம்பைத் தொடுவது இன்னும் அபூர்வம். அந்த ஒன்பது வயதில் முகத்தை அசைக்கும் நரம்பிலும், மூளையின் அடியில் உடம்பின் நீரை ஆளும் இடத்திலும் அது இறங்கியிருக்க வேண்டும் என்றார். இத்தனை காலம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று, நோய் கண்ட நான்கு மாதத்தில் முகம் பழையபடி ஆனது, பேச்சும் தெளிந்தது. தாகம் அப்படியே இருந்தது. வீட்டில் வேளைக்கு ஒரு சொம்புதான். ஒருநாள் அந்தத் தாய் குடத்தை இறக்கிவிட்டு, வெகுநேரம் என்னைப் பார்த்தாள். பேதி கண்டவர்களுக்கு அன்றெல்லாம் தண்ணீர் தரமாட்டார்கள்.

"அன்னைக்கு நீ கேட்டப்பக் குடுக்காம வுட்டுட்டேன், சாமி. இன்னும் கோவமா?"

நான் யாரென்று தெளிவாகச் சொல்ல என்னால் முடிந்திருக்கும். சொன்னால் நாளைக்குக் குடம் வராது.

"இல்லம்மா" என்றேன்.