தினார் ஐநூறைத் தொட்ட வாரம்

ஜோர்தான் தினாருக்கும் இலங்கை ரூபாய்க்கும் என்ன உறவு என்று உலகத்தில் யாரும் கவலைப்படுவதில்லை. நான் கவலைப்பட்டேன். மாத்தளையில் பெட்ரோல் லைனில் ஆட்டோவைப் போட்டுவிட்டு மூன்று நாளாக அதே வேலையாகத்தான் இருந்தேன்.

என் மனைவி ஜோர்தானில் ஒரு தையல் ஃபேக்டரியில் இருந்தாள். மூன்று வருட ஒப்பந்தம். மகளுக்கு ஒன்பது வயதில் விமானம் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "புள்ள பெரிய மனுசி ஆகுறதுக்குள்ள வந்துருவேங்க. அன்னைக்கி நான் பக்கத்துல இருக்கணும்." அப்போது தினார் முந்நூறுக்கும் கீழே. எனக்கு அதெல்லாம் தெரியாது. வந்த காசை வாங்கிச் செலவழித்தேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ரூபாய் விழுந்தது. யாரோ போனில் ஒரு பக்கத்தைக் காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு காசுகளின் பெயரையும் போட்டால் பழைய விலையெல்லாம் ஒரு கோடாக வரும். ஒரு வாரம், ஒரு மாதம், ஐந்து வருடம் என்று எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம். ஐந்து வருடக் கோடு வயல் வரப்பு மாதிரி சப்பையாக வந்து, கடைசியில் திடீரென்று மலை ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இறங்கிவிடுமோ என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்தேன். போனில் சார்ஜ் தீர்ந்தால் பக்கத்து ஆட்டோக்காரனின் போனில் பார்த்தேன்.

ஐநூறைத் தாண்டிய காலையில் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "மச்சான், என் பொஞ்சாதி இன்னைக்கி ஐநூறத் தாண்டிட்டா!"

"எங்க வீட்டு ஆளு இன்னும் இருநூறுலயே நிக்கிறாடா, மாத்திக்கிருவமா?" என்றான் பின்னாலிருந்தவன். லைனே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அன்று மத்தியானம் அவள் பேசினாள்.

"ஊருக்கு டிக்கெட்டா, இன்னொரு வருசத்துக்குக் கையெழுத்தான்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லணுமாங்க. நான் வந்துரட்டுமா?"

"இப்ப வந்து என்ன பண்ணப் போற? காஸ் இல்ல, கரண்ட் இல்ல. தினாரு எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?"

"புள்ளைக்குப் பன்னெண்டு முடியப் போகுது."

"அது இன்னும் ஈர்க்குச்சி மாதிரிதான் இருக்கு. ரெண்டு வருசம் தாங்கும்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

அவள் யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டாள். என் முன்னால் வேன் போட்டிருந்த முஸ்லிம் அண்ணனிடம், எங்கள் பக்கத்துப் பேச்சில் நானாவிடம், யோசனை கேட்டேன். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். எங்கள் பக்கத்தில் மிளகு வைத்திருப்பவர்கள் அதைக் காயவைத்து, சாக்கில் கட்டி, விலை ஏறும்வரை வீட்டு மூலையிலேயே போட்டிருப்பார்கள். அவசரப்பட்டு விற்றவனை ஊரே முட்டாள் என்னும்.

"ஏறிக்கிட்டு வார நேரத்துல சாமானக் கைய விடப்படாது" என்றார் நானா. "நான் போன வருசம் மொளக அவசரப்பட்டுக் குடுத்துட்டு இன்னும் அழுதுகிட்டிருக்கேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. புதன்கிழமை மறுபடியும் பேசி, கையெழுத்துப் போடச் சொன்னேன். "சரிங்க" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, நல்ல வியாபாரம் முடித்தவன் மாதிரி ஒரு பிளேன்டீ குடித்தேன்.

பத்து மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் எடுத்தார்: "மகளக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

இல்லை. நான்தான் இருந்தேன். யட்டவத்தயில் இருக்கும் அக்காவுக்குச் சொல்லிவிட்டு, ஆட்டோவை எங்கே திருப்புகிறேன் என்று தெரியாமல் திருப்பினேன். பெரிய மனுசி ஆன பிள்ளைக்குப் பச்சை முட்டை கொடுப்பார்கள் என்று எப்போதோ கேட்ட ஞாபகத்தில் கடையில் நின்று முப்பது முட்டை வாங்கினேன். பள்ளிக்கூட வாசலில் மகள் பின்சீட்டில் ஏறியபோது முட்டைத் தட்டைத்தான் அவள் மடியில் வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஆட்டிராம பிடிச்சிக்கம்மா" என்றேன்.

"அம்மாவக் கூப்பிடுங்க."

கூப்பிட முடியாது. ஃபேக்டரியில் வேலைக்கு இறங்கும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்; பகல் சாப்பாட்டுக்குத்தான் கையில் கிடைக்கும். அங்கே பகல் என்றால் இங்கே பின்னேரம் மூன்று மணி. அக்கா வந்து சேரும் வரையிலும், வந்த பிறகும், மகள் அறைக்குள் சுவரோடு சாய்ந்து என் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்று, சிரிக்க வைக்கலாம் என்று ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அக்கா கதவைச் சாத்தினாள்.

மூன்று மணிக்கு உள்ளே போன் அடித்தது. இரண்டு பேரும் பேசியதாகத் தெரியவில்லை. அழுகை மட்டும் கேட்டது. எது இங்கே, எது அங்கே என்று பிரிக்க முடியவில்லை.

தண்ணீர் ஊற்றும் சடங்கை என் மனைவி வீடியோவில் பார்த்தாள். பாதியில் படம் நின்றுவிட்டது.

அந்த வாரம் மிளகு நானாவைக் கடை வாசலில் கண்டேன். ஆத்திரத்தை அவர் மேல் கொட்டலாம் என்று போய், நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அல்லாவே, நான் மொளகத்தானே சொன்னேன்!" என்றார். பாவம், உண்மைதான்.

சடங்குச் செலவுக்கென்று அவள் அனுப்பிய காசு அன்று வங்கிக்கு வந்தது. வந்ததும் என் விரல் தன்பாட்டில் போய் அந்தக் கோட்டைத் திறந்தது. மகள் விஷயத்தில் இவ்வளவு நடந்த பிறகும் திறந்தது. மலை சரிந்து, தினார் நானூற்று ஐம்பதுக்கும் கீழே போயிருந்தது. என்ன விலைக்காக அவளை அங்கே நிறுத்தி வைத்தேனோ, அந்த விலை இல்லை.

இரவு அவள் கேட்டாள்: "காசு வந்துச்சாங்க? இன்னைக்கி தினாருக்கு எவ்வளவு போட்டாங்க?"

"ஐநூறு" என்றேன்.



"பொய் சொல்லாதீங்க. நாங்க எல்லாருமே இங்க அந்தக் கோட்டத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம். நீங்க கையெழுத்துப் போடச் சொன்ன அன்னைக்கி ராத்திரியும் பார்த்தேன்."

"அப்ப, எறங்கும்னு உனக்குத் தெரியுமா?"

"அது யாருக்குத் தெரியும்? நீங்க என்னைய ஊருக்குக் கூப்பிட மாட்டீங்கன்னுதான் தெரிஞ்சிச்சி" என்றாள். பிறகு மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.